மாமாவின் கட்டைவிரல்

என்னங்க,

மீன் சுட்டு மூடி வைத்திருக்கிறேன். மிசோ சூப்பைச் சூடாக்கினால் போதும், கொதிக்க விடாதீர்கள். பதினொரு மணிக்கு நகராட்சியிலிருந்து நகாசே அம்மா வருவார். மாமாவின் கட்டைவிரல் நகத்தில் புதிய கியூஆர் கோடு ஒட்டுவார். இந்த முறையாவது பிய்த்துவிடாதீர்கள்.

"எங்கப்பா என்ன கடைச் சரக்கா?" என்று நேற்றும் கத்தினீர்கள். போன வாரம் நீங்கள் பிய்த்துப் போட்ட மறுநாள்தான் அவர் வீட்டுக்குள் போடும் செருப்போடு ரயில் நிலையம் வரை நடந்துபோனார். அந்த நகத்தில் கோடு இருந்திருந்தால், யாராவது போனைக் காட்டி ஸ்கேன் செய்திருப்பார்கள். நகராட்சி நம்மை உடனே அழைத்திருக்கும். மூன்று மணி நேரம் மழையில் தேடினோம்.

உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. ஒட்டச் சொன்னதே மாமாதான். நகராட்சிப் படிவத்தில், யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன். பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ நல்ல பொண்ணும்மா. ஆனா உன் பேரு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. ஷுன்ஜின்னு போடு. என் பையன். கூப்பிட்டா வந்துருவான்."

அப்படியே எழுதினேன்.

சிஸுரு

மாமாவின் மாத்திரை நீலக் கிண்ணத்தில். சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. பட்டறையில் போனை அணைத்துப் பெட்டியில் போடுவீர்களே, நாளை முதல் வேண்டாம். அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.