சிரியத்திலிருந்து திரும்பிய படகு

ரங்கூன், 9-8-1926

அன்புள்ள அஸ்மாவுக்கு உதுமான் சலாம். நான் சுகம். நீயும் உம்மாவும் சுகந்தானே?

நேற்று கடைக்கு லீவு. கூட வேலை பார்க்கும் வடிவேலோடு ஆற்றைக் கடந்து, அக்கரையில் சிரியம் என்ற ஊரில் பரங்கியர் கட்டிய பழைய மாதா கோயிலைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது நீராவி லாஞ்சி பழுதாகிவிட்டதால் சின்னத் துடுப்புப் படகில் ஏறினோம். நடு ஆற்றில், கப்பல் ஒன்று கிளப்பிய அலை படகுக்குள் பாய்ந்தது. வடிவேல் பதறி எழுந்தான்.

"உட்காரு! எழுந்தா கவுந்துடும்!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. கரை வரும்வரை தொப்பியால் தண்ணீர் இறைத்தேன். இறங்கியதும் சிரித்தோம்.

தொப்பி பாழ். வருகிறவர்களிடம் ஒன்று கொடுத்தனுப்பு. உம்மாவிடம் இதை வாசிக்காதே. தபாலுக்கு நேரமாகிறது.

நாங்கள் சிரியம் போனது இங்கே ஒருவருக்கும் தெரியாது, அஸ்மா. முதலாளி சாதிக் பாட்சாவின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் கடிதம் இரண்டு மாதம் வராவிட்டால் அவரிடம் கேள்.

உன் உதுமான்