கறுப்பு ராஜாவின் முன்னால் ஒரு சிப்பாய்

அன்புள்ள ஷர்மினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஈப்போவில் நானும் அப்பாவும் சுகம். வெலிங்டன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்தது, கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், பழையதே போதும் என்று அடம்பிடிக்கிறார், நீ சொன்னால் கேட்பார்.

போன வாரம் தொலைபேசியில் உனக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டேன், அதைத் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம். உங்கள் படத்தில், முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் சிறைப்பட்ட சூனியக்காரி தன் விடுதலைக்காகக் கொடுங்கோல் அரசனோடு சதுரங்கம் ஆடும் காட்சி, அவள் ராணியைப் பலி கொடுத்துக் குதிரையால் ராஜாவை மடக்க வேண்டும், ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் நடிகையின் விரல்களை மறைக்கும் என்று இயக்குநர் அந்தச் சிப்பாயை எடுத்துவிடச் சொல்கிறார், எடுத்தால் காட்சியே பொய்யாகிவிடும், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். "யாருக்குடி தெரியப் போகுது, எடுத்துட்டுப் போயேன்" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மா எனக்குப் பிடிக்கவில்லை.

படங்களில் வரும் சதுரங்க ஆட்டங்களை அமைத்துக் கொடுக்கும் உன் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, மறைப்பதற்கில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொல்லி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய பலகையின் புகைப்படத்தைப் பார்த்து, குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான், நம் பலகையில் காய்களை அடுக்கினேன். வெளியே கிடக்கும் வெட்டுப்பட்ட காய்களைக்கூட எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. திரையில் நாற்பது நொடி வரும் காட்சிக்காக முதல் நகர்விலிருந்து முழு ஆட்டத்தையும் எழுதியிருக்கிறாய், அதை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். அரசன் பேராசைப்பட்டுத் தோற்பது நகர்வுகளிலேயே தெரிகிறது. பல்கலைக்கழக நாட்களுக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் பலகை முன் உட்கார்ந்ததில்லை.

அப்போது தாப்பா ஊருக்குப் பஸ் ஓட்டும் தனேஷ் அப்பாவைத் தேடி வந்தான். படம், சூனியக்காரி எதையும் நான் சொல்லவில்லை. நின்றபடியே பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், தேத்தண்ணீர் ஆறிப்போனது. "அடேங்கப்பா, ராணிய தூக்கிக் கொடுக்கணும்லா! அவன் ஆளுங்களே அவன அடைச்சு வச்சிருக்கானுங்க" என்று சிரித்தான். நான் சிப்பாயை எடுத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. "இது சும்மாலா அக்கா, ராஜா இந்தப் பக்கம் ஓடிருவாரு. யாரு வச்சது இத?" என்று கோபமாகக் கேட்டான். யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டேனே, பஸ் ஓட்டும் தனேஷுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். நம் கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்து, நீ எஸ்டேட்டில் பொறுக்கி வந்த ரப்பர் கொட்டையைத்தானே இத்தனை வருடமாக வைத்து ஆடுகிறோம். பழக்கத்தில் ராஜாவின் முன்னால் இருக்கும் அந்தக் கட்டத்தில் அதைத்தான் வைத்திருந்தேன். தனேஷ் இது என்ன என்று கேட்கவே இல்லை, சிப்பாயாகவே எடுத்துக்கொண்டான். அது கட்டை விரல் உயரம்கூட இல்லை, பின்னால் இருக்கும் கையை மறைக்காது. அதனால் இயக்குநரிடம் முடியாது என்று முறைத்துக்கொள்ளாதே, சிப்பாய் இருக்கட்டும், உயரம் மட்டும் குறையட்டும் என்று சொல். முற்றுகையில் இருக்கும் கோட்டையில் ஒரு காய் தொலைந்து, கூழாங்கல் வைத்து ஆடுகிறார்கள் என்றால் யார் நம்பமாட்டார்கள்? அதற்கும் ஒப்பவில்லை என்றால் படத்தில் உன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடு, அடுத்த படம் போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம்.

கொட்டையையே இதோடு அனுப்ப நினைத்தேன், அந்த நாட்டில் விதைகளை உள்ளே விடமாட்டார்களாம். ஆகவே கல்லை நீயே தேடிக்கொள். படப்பிடிப்பு அடுத்த மாதம்தானே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அப்பாவுக்குக் கண்ணாடி விஷயமாகப் பேச மறக்காதே. எல்லா நலமும் உனக்குச் சேரட்டும். பலகையை நான் இன்னும் கலைக்கவில்லை, அப்பா மேசையின் ஓரத்தில் ஒதுங்கித்தான் சாப்பிடுகிறார். நேற்று உன் அத்தை வந்து இது என்ன என்று கேட்டார். என் மகள் அமைத்தது என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலாதேவி ஜெயபாலன்