காப்புக் கட்டிய கை

பிடிவாதம் பிடித்த என் செல்லத் தம்பி யாகூபுக்கு,

உன்னைத் திட்டாமல் கடிதம் தொடங்க எனக்கு வரவில்லை. ஓடியிருக்கலாமேடா.

உன் தாத்தா நிஜாமின் குதிரைப்படைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். நீ மெட்டுகுடா ரயில்வே லைன் வீடுகளில் என் கைச் சோறு தின்று வளர்ந்தவன். மொகரத்தில் பீர் பஞ்சா ஊர்வலம் வரும் பாதையில் நாங்கள் தண்ணீர் ஊற்றுவோம். எங்கள் மாரியம்மனுக்கு நீ மர்ஃபா மேளம் அடிப்பாய். அதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை.

இந்த வருஷம் கலகத்தால் திருவிழா ஆவணிக்குத் தள்ளிப்போனது. "முசல்மானுக்குக் கோயிலில் என்ன வேலை?" என்று நிஜாம் பக்கத்து ஆட்கள் துப்பாக்கிக் கட்டையால் உன் வலது கை விரல்களை நசுக்கினார்கள். வீங்கிய அந்தக் கையில்தான் பூசாரி காப்புக் கட்டினார். எனக்கும் கட்டினார்.

அதே வாரம் இந்தியப் பட்டாளம் வந்தது, நிஜாம் பணிந்தார். இப்போது முசல்மான்களைப் பழிவாங்கப் புறப்பட்டது வேறு கூட்டம். நான் கத்தரிக்கோலோடு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"காப்ப அறுத்துட்டு ஓடுடா."

"நக்கோ அக்கா, வேணாம். காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆத்தா மன்னிப்பாடா."

"ஆத்தா கோவத்துல நம்ம புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

தெருமுனையில் உன்னைப் பிடித்தார்கள். எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள். தெருவின் இரண்டு முனையிலும் எல்லையாகக் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணங்களைக் காட்டி, "அதுலேர்ந்து இது வரைக்கும்" என்றாய். தடியால் உன் மண்டையைப் பிளந்தார்கள். மேலே விழுந்து தடுத்த என்னை முடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். பிறகு அரிவாள் இறங்கியது. உன் ரத்தம் என் புடவையில் இன்னும் போகவில்லை, போக வேண்டாம்.

உன்னை அடக்கம் செய்யத் தூக்கிப் போனார்கள். என் கையிலும் காப்பு. தோரணத்தடியிலேயே நின்றுவிட்டேன். நீ உயிரைக் கொடுத்துக் காத்த விதியை நான் எப்படி மீறுவேன்?

உன் மகள் எங்களோடுதான் சாப்பிடுகிறாள். நாமெல்லாம் ஒரே தேசமாம், ரேடியோவில் சொல்கிறார்கள். நீ இருந்தபோது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

பூசாரி வந்தார். "திருவிழாதான் நின்னுபோச்சே, அவுத்துடலாம்மா" என்றார். மண்ணுக்குள் உன் கையில் அது இருக்கும்போது எனக்கென்ன அவசரம் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நின்ற திருவிழாவை நடத்தி முடிக்கிறோம். உன் மகள் மேளம் அடிப்பாள். ஒரு பக்கத்துத் தோரணத்தை அவிழ்த்து, உன் கபருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நானே கட்டுவேன். இனி எல்லை அதுதான். காப்போடே வந்து உன் தலைமாட்டில் உட்காருவேன் யாகூப்.

உன்னோடு காப்புக் கட்டிய அக்கா,
செல்லம்மா