மாதத்துக்கு ஒரு தடவை

2010, அக்டோபர் 1

இந்த வாரத்துப் புதுப் பொம்மை வந்துவிட்டது. பள்ளி விட்டதும் என் மகள் யெசேனியா நேரே எங்கள் பர்கர் கடைக்கு வந்து மூலை மேசையில் உட்கார்ந்தாள். வீட்டுப்பாடம், ஒரு கிட்ஸ் மீல், அதோடு இலவசமாக வரும் பொம்மை. ஏழு மணிக்கு என் ஷிஃப்ட் முடியும் வரை அவளுக்கு அதுதான் வீடு. வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக வீட்டில் பூட்டி வைக்கவா முடியும்?

வட்டார மேலாளர் கர்டிஸ் வந்திருந்தார். கொழுப்பும் உப்பும் அதிகமுள்ள சாப்பாட்டோடு இலவசப் பொம்மை தரக் கூடாது என்று நகர சபை சட்டம் கொண்டு வருகிறதாம். திங்கட்கிழமை பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்.

"நீ பேசணும் இர்மா. யூனிஃபார்ம் வேண்டாம். ஒரு அம்மாவா வா."

"இங்க வேலை பாக்கறேன்னு சொல்லணுமா?"

"கேட்டா சொல்லு. யாரு கேக்கப் போறா?"

போகிற போக்கில் காலை ஷிஃப்ட் பற்றியும் சொன்னார். மூன்று வருடமாக நான் கெஞ்சிக் கேட்பது அது. கிடைத்தால் மூன்று மணிக்கு அவளோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

அக்டோபர் 4

பேசிவிட்டேன்.

ஆளுக்கு இரண்டு நிமிடம். எனக்கு முன்னால் ஒரு டாக்டர் பேசினார். பிள்ளைகள் கேட்பது சாப்பாட்டை அல்ல, பொம்மையை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மணிக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்று இந்த மனுஷன் ஒருநாளாவது யோசித்திருப்பாரா? அந்தக் கோபம் நிஜம். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

நான் சொன்னது இது: "என் பொண்ணு மாசத்துக்கு ஒரே ஒரு தடவைதான் இதைச் சாப்பிடுவா. பொம்மை வேணும்னு அழுதா, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. அவளுக்கு அம்மா நானா, நீங்களா?"

கைதட்டினார்கள். கை தட்டத் தட்ட எனக்குக் காது சூடானது.

அக்டோபர் 15

என் படம் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'மாதத்துக்கு ஒரு தடவைதான் - ஒரு தாயின் குரல்'. எங்கள் கடைக் கண்ணாடிக் கதவிலேயே ஒன்று ஒட்டியிருக்கிறது.

யெசேனியா மூலை மேசையில் உருளைக்கிழங்கு வறுவலை மென்றுகொண்டே அதைப் படித்தாள். "அம்மா, யாரு இந்த மாசத்துக்கு ஒரு தடவை? எனக்குத் தெரியாம இன்னொரு பொண்ணு வச்சிருக்கியா?"

சிரித்துத் தொலைத்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "யாரு கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லிடு. இல்லாட்டி அம்மாவுக்கு வேலை போயிடும்."

தலையை ஆட்டினாள். சமர்த்து.

நவம்பர் 3

சட்டம் நேற்று நிறைவேறிவிட்டது. அடுத்த வருட டிசம்பரில்தான் அமலாம். காலை ஷிஃப்ட் ஜனவரியில் என்று கர்டிஸ் உறுதி சொன்னார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

நவம்பர் 17

பள்ளிப் பரிசோதனையில் யெசேனியாவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாகக் கடிதம் வந்தது. கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் லூர்தெஸ் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "உங்களை டிவியில பாத்தேனே! என்னமாப் பேசினீங்க!"

பிறகு கேட்டாள்: "கடைச் சாப்பாடெல்லாம் எப்படி?"

நான் வாயைத் திறக்கும் முன்னே யெசேனியா சொல்லிவிட்டாள், மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பது போல. "மாசத்துக்கு ஒரு தடவை."

லூர்தெஸ் நெற்றியைச் சுருக்கினாள். "அப்ப சாப்பாடு காரணமில்ல. வேற ஏதோ இருக்கு. இன்னும் ரத்தம் எடுக்கணும்."

மூன்று குழாய். ஊசி என்றால் அவளுக்கு உயிர் போகும். என் விரலை நசுக்கிப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை அவள். நானும் திறக்கவில்லை.

நவம்பர் 18

சீ. நீயெல்லாம் ஒரு அம்மாவா? அங்கயே சொல்லியிருக்கலாம்ல? அந்த நர்ஸ் முன்னாடி மானம் போயிடும்னு பிள்ளை கையைக் குத்த விட்டியே!

நவம்பர் 24

ரத்தத்தில் வேறு எதுவும் இல்லை. அதனாலேயே டாக்டருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் யெசேனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "அம்மா, நான் செத்துப் போயிடுவேனா?"

"ஐயோ, என்னடி பேச்சு இது?"

"அப்புறம் என்னத்தைத் தேடறாங்க என்கிட்ட?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவளை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். கிளினிக் வரவேற்பிலேயே, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், லூர்தெஸிடம் சொன்னேன். "வாரத்துக்கு அஞ்சு நாள். நான் வேலை பாக்கறதே அந்தக் கடையிலதான். அவளைப் பொய் சொல்லச் சொன்னது நான்."

லூர்தெஸ் திட்டவில்லை. ஏட்டை எடுத்து, பழைய வரியை அடித்து, புதிதாக எழுதினாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

யெசேனியாதான் ஓவென்று அழுதாள். "ஏன்மா சொன்னே? வேலை போயிடும்னியே! நான் சொல்லவே இல்லையே!"

மூன்று குழாய் ரத்தம் கொடுத்து என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது என் பிள்ளை.

2011, ஜனவரி 10

காலை ஷிஃப்ட் கிடைத்தது. அது எதற்குக் கிடைத்த கூலி என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர சபைக்கும் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. கதவில் இருந்த நோட்டீஸை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். கர்டிஸ் கேட்டதற்கு, வெயிலில் வெளுத்துவிட்டது என்றேன். இதுவும் பொய்.

டிசம்பர் 1

சட்டம் இன்று அமலுக்கு வந்தது. இலவசமாகத்தானே தரக் கூடாது? அதனால் பொம்மைக்குத் தனியாகப் பத்து சென்ட். "பொம்மை சேத்துக்கவா?" என்று நான்தான் கேட்க வேண்டும். காலையிலிருந்து ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இதற்காகவா அன்று அந்தப் பேச்சு பேசினேன்?

டிசம்பர் 14

கிளினிக். யெசேனியாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நன்றாக வளர்ந்தும் இருக்கிறாள். டாக்டருக்குத் திருப்தி.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று லூர்தெஸ் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

பீன்ஸ், இரண்டு சோள ரொட்டி, பாதி அவகாடோ. நானே சமைத்து, நானே பரிமாறினேன். மறைக்க ஒன்றுமே இல்லை.

யெசேனியா திரும்பி, என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தாள்.