ஸ்டோர் வேணாம், மெர்சிங்

ஜூலை 5, சனி
வெயில். காலையிலேயே சட்டை முதுகோட ஒட்டுது.

சேமப் படையில பேர் குடுக்க குளுவாங் போனோம், நானும் குணாவும், அவன் மோட்டார் சைக்கிள்ல. அக்காவுக்குப் பல தடவை விளக்கியாச்சு: முழுநேர ராணுவம் இல்ல, வாரக் கடைசியில பயிற்சி, வருஷத்துக்கு ஒரு முகாம், மத்த நாளெல்லாம் வழக்கம்போல பேரங்காடியில அரிசி மூட்டை அடுக்குறது.

நேத்து குணாகிட்ட சொல்லி வச்சேன், தலையணை சொந்தமா கொண்டு வரணும், இல்லன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு. கொண்டு வந்துட்டான். பூப்போட்ட உறை வேற. பேர் எழுதிக்கிட்டிருந்த சார்ஜன் தலையணையைப் பார்த்தார். குணாவைப் பார்த்தார். "இது என்ன, ஹோட்டலா?" குணா என்னைக் காட்டிக் குடுக்கல. தங்கமான கூட்டாளி. தே தாரிக் டீ வாங்கிக் குடுத்தேன்.

முக்கியமானது: எங்க சேர விருப்பம்னு கேட்டாங்க.
குளுவாங் - காலாட்படை. நடை, சேறு, அட்டை.
யோங் பெங் - ஸ்டோர். கூரை, காத்தாடி, நாற்காலி.
மெர்சிங் - படகுப் பிரிவு. கடல்!

இந்த வயசு வரைக்கும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல. பள்ளியில கடைசி வரிசையில போட்டாங்க, உட்கார்ந்தேன். அறிவியல் வகுப்பு உனக்கு இல்லன்னாங்க, சரின்னேன். இன்னைக்குத்தான் ஒரு மனுஷன் நிமிர்ந்து பார்த்து, "உனக்கு எங்க வேணும்?"ன்னு கேட்டார். மெர்சிங்னு சொன்னேன்.

"நீச்சல் தேர்வு இருக்கு. தேறலன்னா நேரா ஸ்டோர். அப்புறம் கெஞ்சக் கூடாது. போலே? முடியுமா?"
"போலே, சார்ஜன்."

குணா ஸ்டோர். கேட்ட உடனே கிடைச்சிருச்சு. சந்தோஷத்துல தலையணையை ரெண்டு தட்டு தட்டினான்.

ஜூலை 6, ஞாயிறு
மழை. எங்க சிம்பாங் ரெங்கம் முழுக்க செம்மண் தண்ணி. அப்பாவுக்கு இன்னைக்குச் செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டம் கிடையாது, அதனால நாள் முழுக்க வீட்டுல. அதனால விசாரணை.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவாடா சொன்னாங்க? ஸ்டோர் எடு."
"அதான்பா வேணாங்கிறேன். அங்க பந்தி மட்டும்தான், படையே இல்ல."
அக்கா (சிங்கப்பூர் வேலைக்கு இன்னைக்கு லீவு, வாய்க்கு லீவு இல்ல): "கடலை போடத்தான் கடலுக்குப் போறான்."

அம்மா சிரிச்சாங்க. அப்பா சிரிக்கல. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கரையில நின்னு என்னடா செய்வேன்? எனக்கு நீச்சல் தெரியாது."

தட்டைக் கழுவப் போயிட்டேன். கேட்காமலே கழுவினதுல அம்மாவுக்குச் சந்தேகம், நெத்தியில கை வச்சுப் பார்த்தாங்க.

முடிவு: தேறலன்னா வாயை மூடிக்கிட்டு ஸ்டோர். அப்பா அதை ரெண்டு தடவை சொல்ல வச்சார். வேண்டுதல் ஏதோ வச்சிருக்கார்னு நினைக்கிறேன். நான் தேறக் கூடாதுன்னு.

ஜூலை 12, சனி
மேகமூட்டம். குளுவாங் நீச்சல் குளம். முதல் சுற்று.

மத்த பசங்களுக்கு கண்ணாடி, தொப்பி. எனக்கு பந்து விளையாடுற காற்சட்டை. அவங்க முகத்தைத் தண்ணிக்குள்ள விட்டா மீன் மாதிரி போறாங்க. நான் முகத்தை வைக்கவே மாட்டேன். கத்துக்கிட்டது செம்பனை ஆலைக்குப் பின்னால உள்ள குட்டையில. அந்தத் தண்ணி வாயில பட்டா அன்னைக்கு முழுக்க சோறு ருசிக்காது. கழுத்தை நீட்டிக்கிட்டே நீந்திப் பழகியாச்சு.

"கெர்பாவ்," சார்ஜன் கரையில இருந்து. எருமை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஒரு 'ம்மா' குடுத்தேன், விடுவேனா. ஆனா கடைசியாத்தான் வந்தேன். ரொம்பக் கடைசி. அடுத்த குழு இறங்கத் தயாரா நின்னுச்சு.

"நாளைக்கு மெர்சிங். கடல்ல பார்ப்போம்," சார்ஜன் சொன்னார். சொன்ன விதத்துல நம்பிக்கை இல்ல.

குணா வாட்ஸாப்: 'ஸ்டோர்ல உனக்கு நாற்காலி துடைச்சு வச்சிருக்கேன்.' பாவி.

ஜூலை 13, ஞாயிறு
காத்து. அலை. படகுத்துறை முழுக்கக் கருவாட்டு வாசம்.

தேர்வு இது: மிதவை வரைக்கும் நீந்தணும். ஒரு கையில துணி மூட்டை, நனையக் கூடாது. படகுல ஒருத்தர் கொடி பிடிச்சு நிப்பார். கொடி காட்டுற பக்கமா போகணும்.

நேத்து மீன் மாதிரி போன பசங்க தலையைக் கவுத்தாங்க. கொடி யாருக்குத் தெரியும்? ஒருத்தன் மீனவர் வலைப்பக்கம் போயிட்டான். இன்னொருத்தன் மூட்டை அவனுக்கு முன்னாடியே மிதவைக்குப் போய்ச் சேர்ந்துருச்சு.

எனக்கு இது தினசரி வேலை. ஆலைக் குட்டையில துணியைக் கரையில வச்சா காவலுக்கு இருக்கிற ஜாகா தூக்கிட்டுப் போய் வீட்டுல குடுத்துருவார், அப்புறம் அம்மணமா வீட்டுக்கு ஊர்வலம். அதனால துணி ஒரு கையில, தலை மேல, கண்ணு ஜாகா மேல. வருஷக்கணக்கா அப்படித்தான். கொடிக்காரரை ஜாகான்னு நினைச்சுக்கிட்டேன். ஒரே வித்தியாசம், இவரைப் பார்த்து ஓடாம இவர்கிட்டப் போகணும். கொடி இடது, நான் இடது. கொடி வலது, நான் வலது. அலை மூஞ்சியில அடிச்சுது. கை இறங்கல.

சார்ஜன் மூட்டையை அமுக்கிப் பார்த்தார். பிரிச்சும் பார்த்தார். காஞ்ச துணி.
"எங்க கத்துக்கிட்ட?"
"தோட்டத்துல, சார்ஜன்."
"பயிற்சியாளர் யாரு?"
"ஜாகா, சார்ஜன். தடி எடுத்துக்கிட்டு வந்து கத்துக் குடுத்தார்."
சிரிக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம். அப்புறம் நேத்து முந்தின பசங்களைக் கூப்பிட்டு, "கெர்பாவ் எப்படிப் போச்சுன்னு பார்த்தீங்களா? அப்படிப் போகணும்."

படகுப் பிரிவு. நான். நான்தான்.

பஸ்ல வரும்போது யாரும் பார்க்காம ஒரு தடவை கண்ணைத் துடைச்சேன். உப்புத் தண்ணி. கடலோடதுன்னு வச்சுக்கலாம்.

ஜூலை 14, திங்கள்
வெயில். அப்பாகிட்ட நேத்தே சொல்லியாச்சு. "ம்" மட்டும்தான் வந்துச்சு. அதோட துண்டை உதறிக்கிட்டு வெளியே போயிட்டார்.

இன்னைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போனா, கடையில அவர் குரல். தூணுக்குப் பின்னால நின்னேன்.
"அலை இந்த உசரம்லா. எல்லாப் பயலும் முங்கிட்டான். என் மவன் ஒருத்தன்தான் நிமிர்ந்து வந்தான்."
"நீ போய்ப் பார்த்தியாண்ணே?"
"பார்க்கணுமா? என் பிள்ளைய எனக்குத் தெரியாதா?"

கைதட்டலாம்னு இருந்துச்சு. தட்டல. ரொட்டி வாங்காமலே வந்துட்டேன். அக்கா திட்டினா. திட்டட்டும்.

ஜூலை 26, சனி
வெயில், ஆனா கடல் கொந்தளிப்பு. முதல் தடவை படகு. பாதுகாப்புச் சட்டை பெருசு, காது வரைக்கும் வந்துச்சு.

கரை மறையுறதுக்குள்ள வாந்தி. காலையில சாப்பிட்ட நாசி லெமாக் சோறு மொத்தமும். கொஞ்சம் சார்ஜன் பூட்ஸ் மேல.
அவர் பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யோங் பெங் ஸ்டோர்ல ஆள் பத்தல. மாறிக்கிறியா? இப்பவே படகைத் திருப்பச் சொல்றேன்."
"வேணாம், சார்ஜன்."
"நிச்சயமா?"
நிச்சயம்னு சொல்ல வாயைத் திறந்தேன், மறுபடியும் வாந்தி. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவர் படகோட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். வேகம் கூடிருச்சு.