துடைப்பக் கட்டையும் மேல்வீட்டுத் தாளமும்

மார்ச் 3, திங்கள்

நேற்றும் மேல்வீட்டில் பாட்டு. ஊர் அடங்கின பிறகுதான் அவர்களுக்குப் பொழுது விடிகிறது. பாட்டாவது முழுசாகக் கேட்டால் பரவாயில்லை. பாடுகிறவன் குரல் எங்கோ போய்விடுகிறது. தம் தம் என்கிற இடி மட்டும் கூரையிலிருந்து கட்டிலுக்கு இறங்கி, கட்டிலிலிருந்து என் பல்லுக்கு வருகிறது. இந்தக் கட்டடத்தைக் கட்டினவன் எத்தனை மூட்டை சிமென்டைத் தின்று ஏப்பம் விட்டானோ.

முதல் பஸ் என்னுடையது. துப்புரவு வேலைக்காரர்களையும் ஆஸ்பத்திரி ஆயாக்களையும் இருட்டிலேயே ஏற்றிக்கொண்டு போகிற பஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தூங்காத கண்ணோடு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஆபத்து எனக்கு மட்டுமா?

மார்ச் 4

துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன். சத்தம் கூடியது. என்ன திமிர்.

மார்ச் 6, வியாழன்

மறுபடி இடித்தேன். இந்தத் தடவை மேலிருந்து யாரோ காலால் திருப்பி இடித்தார்கள். நான் நிறுத்தினால் நிறுத்துகிறார்கள், வேகமாக இடித்தால் அவர்களும் வேகமாக. கிண்டலா பண்ணுறீங்க? கை ஓய்கிற வரைக்கும் இடித்தேன். தலையணை முழுக்கச் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

மார்ச் 7

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன். கண் திறந்துதான் இருந்தது. சாலை கண்ணுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். பின்னாலிருந்து கத்தி நிறுத்தினார்கள். இறங்கிப்போன ஆயாம்மா ஒருத்தர், "என்னம்மா, தூக்கத்துல ஓட்டுறியா? நாங்க போறது வேலைக்கு, வார்டுல படுக்க இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

டிப்போ மேலாளர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நிரந்தரம்கிற பேச்சையே மறந்துடு."

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஊரின் மறுகோடியில், தோட்டம் சூழ்ந்த தனி வீட்டில் இருக்கிறார். அவர் தலைக்கு மேல் யாரும் இல்லை. என் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், எடுத்ததே இல்லை. இன்று மேல்வீட்டுச் சத்தம் என்றதும் பேச்சில் தேன் ஒழுகியது.

"நீ ஒரு வார்த்தை சொல்லு, மாசக் கடைசில அவங்களக் காலி பண்ணிடறேன். அந்த வீட்டுக்கு நல்ல பார்ட்டி காத்துட்டிருக்கு."

சரி என்று வாய் வரை வந்தது. ஆனால் அந்த அவசரம் பிடிக்கவில்லை. என் தூக்கத்தைச் சாக்கு வைத்து வாடகையை ஏற்றப் பார்க்கிறார் மனுஷன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போட்டுக்கொடுப்பதானாலும் முதலில் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்கப் போனேன். கேட்ட லட்சணத்தை எழுதி வைக்க வேண்டும்.

வேலை முடிந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் படியேறினேன். என் அக்கா வயதில் ஒருத்தி கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கே கேட்கிற குரல். "என்னங்க, இங்க வாங்க. கீழ்வீட்டுத் தங்கச்சி வந்திருக்கு. தாளம் போடுமே, அது." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நாலு நாளா தாளத்தக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தாளமா?

புருஷன் ஓட்டல் சமையற்காரர். அடுப்பை அணைத்துவிட்டு வீடு வர ஊர் அடங்கிவிடுகிறது. அக்கா நூல் மில்லில் இருந்தவள். மிஷின் இரைச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. "சத்தத்த எவ்ளோ ஏத்துனாலும் அவளுக்குக் கேக்காதும்மா. அதான் இப்படி" என்று அவர் காட்டினார். பாட்டுப் பெட்டி தரையில் குப்புறக் கிடந்தது. அக்கா அதன் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று, பாதத்தால் பாட்டுக் கேட்பாளாம். ஆடுவாளாம். என் துடைப்பக் கட்டையும் அந்தப் பாதத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அது தாளம் இல்லைண்ணா. சத்தத்த நிறுத்துங்கன்னு இடிச்சேன்."

அவர் திரும்பி, உதட்டை நிதானமாக அசைத்து அவளுக்குச் சொன்னார். அவள் முகம் வாடியது. "அப்போ இத்தன நாளும் நாம சண்டையா போட்டுட்டிருந்தோம்? நான் நல்ல ஜோடி சேந்துச்சுன்னு நெனச்சேனே."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கிளம்பும்போது அண்ணன், "இனிமே போடல, தங்கச்சி. நீ நிம்மதியா தூங்கு" என்றார்.

மார்ச் 12

சத்தம் இல்லை. தூக்கமும் இல்லை. காதைத் தின்ற மில், அந்தக் காதில் வைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சு கொடுத்ததா? பஞ்சு மலையாய்க் குவிந்து கிடக்கிற இடம். கேட்க மிச்சமிருந்த பாதத்தையும் நான் செவிடாக்கிவிட்டேன். பேஷ்.

மார்ச் 14, வெள்ளி

என் பஸ் ஒரு வாரமாய்க் கடகடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. இன்று எங்கள் மெக்கானிக் - டிப்போவே ‘போல்ட்டு’ என்று கூப்பிடுகிற ஆள் - இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டைகளை மாற்றினார். வண்டி பூனை மாதிரி போனது. இன்ஜின் அதே இன்ஜின், அதே ஆட்டம்தான். அந்த ஆட்டத்தை ரப்பர் கீழே விடவில்லை.

பாதி வழியில் சட்டென்று உறைத்தது. திரும்பி வந்ததும் போல்ட்டிடம் கழித்துப் போட்ட ரப்பர் கட்டைகளைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

"மெத்த வாங்க வக்கில்லையா உனக்கு?" என்றவர், நல்லதாய்ப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். கிழிந்த சீட்டின் ஸ்பாஞ்சும் சேர்த்து.

மார்ச் 16, ஞாயிறு

இன்று மேல்வீட்டில் மூன்று பேரும் வேர்த்துக் கொட்டினோம். பழைய கதவு ஒன்று கிடைத்தது. அதன் அடியில் மூலைக்கொரு ரப்பர் கட்டை. மேலே ஒரு பக்கம் பாட்டுப் பெட்டியைக் குப்புற வைத்து ஆணியடித்தோம். மறுபக்கம் அக்கா ஆட. தரைக்கு இடி இறங்கக் கூடாது, அவள் பாதத்துக்கு மட்டும் போக வேண்டும்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. கீழே வந்து ஸ்டூல்மேல் ஏறிக் கேட்டேன், அதே தம் தம். ரப்பருக்கு அடியில் ஸ்பாஞ்சை வைத்தோம். "படகுல நிக்கிற மாதிரி இருக்கு" என்று அக்கா அண்ணன் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். "இருபது வருஷமா நான்தான் தாங்கறேன், இப்பவும் நானா?" என்றார் அவர். ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டினோம். மறுபடி கீழே ஓடினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டார்கள்போல. ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன் நிறுத்துனீங்க?" என்று கத்தினேன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

நம்பாமல் மேலே ஓடினேன். கதவுப் பலகைமேல் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள் அக்கா.

மார்ச் 18

வீட்டுக்காரர் அவராகவே கூப்பிட்டார். "என்ன முடிவு பண்ணே? சத்தம் தாங்கலேன்னியே."

"ஆமா சார், தாங்கவே முடியல. குளியலறைக் குழாய் சொட்டுற சத்தம். எப்ப வந்து பாக்கறீங்க?"

வைத்துவிட்டார்.

மார்ச் 28, வெள்ளி

வேலை நிரந்தரம். மேலாளர் கை கொடுத்தார். அக்காவிடம் உதட்டை அசைத்துச் சொன்னேன், தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மார்ச் 29, சனி

நாளை எனக்கு லீவு.

இப்போதெல்லாம் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இன்று தூக்கம் வரவில்லை. அண்ணன் செருப்பு படியேறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அமைதி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், எனக்குத்தான் தெரியாது.

துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை மெதுவாகத் தட்டினேன். பதில் இல்லை. எப்படி இருக்கும்? அங்கிருந்து இங்கே வராமல் நான் வைத்த ரப்பர், இங்கிருந்து மட்டும் அங்கே விடுமா? என் புத்திசாலித்தனத்தை நொந்துகொண்டு கட்டையை மூலையில் சாத்தப் போனேன்.

தம்.

இன்னொன்று. தம் தம்.

நாளை எனக்கு லீவு என்று அவளுக்குத் தெரியும். பலகையை விட்டு இறங்கித் தரையில் நிற்கிறாள்.

எழுதினது போதும். கட்டை கையில் இருக்கிறது.