ஓடுபாதை வேலிக்கு இந்தப் பக்கம்

மார்ச் 9, ஞாயிறு

காற்று திசை மாறிவிட்டது. காலையிலிருந்து எல்லா விமானங்களும் பெயின்ட் தொழிற்சாலைப் பக்கமிருந்து இறங்குகின்றன. அப்படியென்றால் வேலியோரம் விமானப் படம் எடுக்க நாங்கள் நிற்கிற மேட்டுக்கு நேர் மேலே, தலைமுடி கலைகிற உயரத்தில். வெயிலும் முதுகுக்குப் பின்னால். படம் எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? நான்கு காற்றாடி வைத்த பழைய சரக்கு விமானம் ஒன்று வந்தது. இந்த ஊரில் அதை நான் பார்த்ததே இல்லை. வால், சக்கரம், வயிற்றிலிருந்த எண்ணெய்க் கறை வரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் அந்த நேரம் பார்த்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லா இருங்கக்கா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் இன்றைய சேதி அது இல்லை. மகளுக்கு நம் ஊர் விமான நிலையத்திலேயே பயிற்சி போட்டிருக்கிறார்கள். டவரில்! இறங்கு, ஏறு, பொறு என்று விமானங்களுக்குச் சொல்கிற வேலை. படிப்பெல்லாம் முடிந்தது. இனிமேல் நிஜ விமானங்களோடு. பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார். தேர்வில் தேறிவிட்டால் அப்புறம் தனியாக.

அவளுக்கு நடை வந்ததே இந்த வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.

மேட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளுக்கும் சொன்னேன். வீட்டுக்காரர் சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "பெட்ரோல் பங்க்ல ஒரு நாய் படுத்திருக்குமே, அதுக்குச் சொல்லியாச்சா?"

மார்ச் 17, திங்கள்

அவளுக்கு இன்று முதல் நாள். லாண்டரியில் எனக்குக் கை ஓடவில்லை. ஹோட்டல் தலையணை உறை ஒன்றையே திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டிருக்கிறேன். "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டேன். கேட்டே விட்டேன்.

கையடக்க ரேடியோவை வேலித் தூணில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். விமானிகள் பேசுவதும் டவர் பேசுவதும் அதில் வரும். எந்த விமானம் வருகிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் எப்போதும் கேட்பதுதான். கரகரப்புக்கு நடுவே அவள் குரல். வீட்டில் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று கத்துகிற அதே குரல்தான். ஆனால் இஸ்திரி போட்ட மாதிரி. ஒருவரை இறங்கச் சொன்னாள். அவரும் இறங்கினார்! அவ்வளவு பெரிய இயந்திரம், அத்தனை பேர் உள்ளே. இவள் சொன்னாள், அது இறங்கியது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கை கொடுத்தார். பேக்கரிக்காரர் பன் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். எனக்குக் கண்ணீர் மறைத்து, அடுத்த விமானத்தைப் படமே எடுக்கவில்லை.

நடுவில் ஒரு தடவை தடுமாறினாள். ஒரு விமானத்தைத் தப்பான வழியில் திரும்பச் சொல்லிவிட்டாள். உடனே பயிற்றுநர் குறுக்கே வந்து திருத்தினார். அதனால் என்ன? முதல் வாரம்.

மார்ச் 26, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

பேக்கரிக்காரர் அன்றைக்கு அவள் பேசினதைப் பதிவு பண்ணி, "நம்ம அக்கா பொண்ணு" என்று போட்டு, விமானப் படக்காரர்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். நான்தான் அனுப்பச் சொன்னேன். ஆமாம், நான்தான். அது ஊரெல்லாம் சுற்றி டவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தடுமாறின இடமும் சேர்ந்து.

வந்ததும் பையை நாற்காலியில் எறிந்தாள்.

"உங்கம்மா உனக்கு ரசிகர் மன்றம் வெச்சிருக்காங்களாமேன்னு பயிற்றுநர் கேக்குறார்மா. எல்லார் முன்னாடியும்."

"பெருமையாதானே கண்ணு..."

"எனக்கு மேல இருந்து உன்னைத் தெரியுதும்மா. நீலக் குடை. என் கண்ணு ஓடுபாதையில இருக்கணும். அது உன்மேல போகுது. அம்மா கேக்குறாங்க, அம்மா கேக்குறாங்கன்னே ஓடுது மண்டைக்குள்ள."

 அப்புறம் அவளே மெதுவாகச் சொன்னாள்: "நான் தேறுற வரைக்கும் அங்க வராதம்மா. ரேடியோவும் வேணாம். ப்ளீஸ்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமை. என் பொண்ணு அங்க உக்காந்து பேசுறா, நான் கேக்கக் கூடாதா? பெத்தவ கேக்கக் கூடாதா?

கூடாதுதான். அவள் கேட்டது நியாயம். அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 30, ஞாயிறு

போகவில்லை. அலமாரிகளைத் துடைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மொட்டை மாடிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் காதை என்ன செய்ய? வெங்காயம் நறுக்கும்போது ஒன்று போயிற்று — காற்றாடி விமானம், இரட்டை, புறப்படுகிறது. குளிக்கும்போது ஒன்று. காதைப் பொத்திக்கொண்டு குளிக்க முடியுமா?

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மேட்டை எட்டிப் பார்க்காத மனிதர்.

"எங்க போறீங்க?"

"என்னைத்தான் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லலையே."

சாயந்திரம் திரும்பினார். என்னென்ன வந்தது என்று கேட்டேன். "வெள்ளையா ஒண்ணு வந்துச்சு. அப்புறம் வெள்ளையா இன்னொண்ணு." படங்களைப் பார்த்தேன். எல்லா விமானத்துக்கும் வால் இல்லை. ஒன்றில் விமானமே இல்லை. வெறும் வானம், ஓரத்தில் பேக்கரிக்காரர் காது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அவருக்கு ஒரே ரோஷம். அடுத்த வாரமும் போவாராம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று வால் விழுந்திருக்கிறது. மூக்கு இல்லை.

மே 15, வியாழன்

தேர்வில் தேறவில்லை. இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அதுதான் கடைசி. அதிலும் இல்லையென்றால் டவர் வேலையையே மறந்துவிட வேண்டியதுதான்.

சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். எனக்குத் தொண்டை வரை வந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "என்னாலயா?"

"ஐயோ, இல்லம்மா." முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "விமானங்க கூட்டம் சேர்ந்துட்டா நான் வேகமாப் பேசிடுறேன். விமானிங்களுக்குப் புரியல, திருப்பிக் கேக்குறாங்க. அவங்க கேக்கக் கேக்க இன்னும் வேகமாப் பேசுறேன். அவ்வளவுதான் வியாதி."

அவ்வளவுதான் வியாதி என்றால் மருந்து இருக்கும்.

மே 18, ஞாயிறு

அவளே கேட்டாள். "எத்தனை வருஷமா ரேடியோவுல கேட்டிருக்க. விமானி மாதிரி பேசுவியாம்மா? தொந்தரவு பிடிச்ச விமானியா?"

பேசுவேனாவா!

சாப்பாட்டு மேஜைதான் விமான நிலையம். நீளமாக மடித்த துண்டு ஓடுபாதை. கரண்டிகள் பெரிய விமானங்கள், டீஸ்பூன்கள் சின்னவை. முதலில் நான், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற விமானி. அப்புறம் அவசரக்காரர்: "எனக்கு நேரமாச்சு, நான்தான் முதல்ல." அப்புறம் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் தானாகக் கிளம்புகிறவர். வீட்டுக்காரரை இழுத்து உட்கார வைத்து, புதிதாக ஓட்டப் பழகுகிறவராகப் பேசச் சொன்னோம். டீஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாடி, நான் எங்க இருக்கேன்னே தெரியல" என்றார். நிஜமாகவே தெரியாத முகம். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் படபடவென்றுதான் பேசினாள். "என்ன சொன்னீங்க? கேக்கல" என்று நான் விடாமல் குடைந்தேன். ஒரு கட்டத்தில் கோபம் வந்து கண்ணை மூடினாள். மூச்சு விட்டாள். திறந்தபோது வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். மேஜை முழுக்க அப்படியே அடங்கியது.

எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு அருகில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வேலிக்கு வெளியே நின்றால் கிடைத்திருக்குமா?

மே 29, வியாழன்

கரண்டி வகுப்பு தினமும் நடக்கிறது. சாம்பார் கரண்டிதான் சரக்கு விமானம் என்று முடிவாகிவிட்டது.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மேற்கே கருகருவென்று கட்டிக்கொண்டு வந்தது. லாண்டரியின் பின்கட்டில் காயப் போட்ட போர்வைகளை எடுக்க ஓடினேன். அப்போது பேக்கரிக்காரர் போன். "அக்கா, ஒரு பழகுற பையன், சின்ன விமானத்துல தனியா மாட்டிக்கிட்டான். மழை நெருங்குது. அழுதுடுவான்போல இருக்கு. பின்னாடியே ரெண்டு பெரிசு இறங்க வருது. டவர்ல நம்ம பொண்ணுதான். இருங்க, ரேடியோவைப் போன்கிட்ட வைக்கிறேன், கேளுங்க—"

கரகரப்பு வந்தது. இனி அவள் குரல் வரும்.

போனை வைத்துவிட்டேன். எப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் தலைக்குள் நான் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அப்போது தோன்றியது.

ஆனால் வானத்தை யாரால் மறைக்க முடியும்? போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றேன். பெரிய விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு நேராக வந்தது. இறங்கப் போகிறது. இல்லை — மூக்கைத் தூக்கியது. சக்கரங்கள் உள்ளே போயின. இடப்பக்கம் ஒடித்து மேலே ஏறியது. அவள்தான். அவள்தான் அதை ஏற்றிவிடுகிறாள். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், தொலைவில் இன்னொன்றின் விளக்கு. அதுவும் மெல்லத் திரும்பி வட்டமடிக்க ஆரம்பித்தது. பொறு என்று சொல்லிவிட்டாள். வானத்தில் வழி திறந்துகொண்டது. கூட்டத்தை விலக்கிக் குழந்தையைக் கூட்டி வருவது போல.

அந்த வழியில் வந்தது சின்ன விமானம். ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து. அவசரப்படவில்லை. யாரோ ஒவ்வொரு வார்த்தையாக அதன் கையைப் பிடித்திருந்தார்கள். கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது. மோதின சத்தம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய விமானம் திரும்பி வந்து, அதே பாதையில் தன்பாட்டுக்கு இறங்கியது. ஓடுபாதை காலியாக இருந்தால்தானே அது இறங்கும்! அப்படியென்றால் அவன் பத்திரமாக இறங்கிவிட்டான்.

மழை கொட்டியது. போர்வையெல்லாம் நனைந்துவிட்டது. மேற்பார்வையாளர் கத்தினார். "கத்துங்க சார்" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். பயிற்றுநர் பக்கத்தில்தான் இருந்தாராம். கையை மைக்கின் பக்கம் கொண்டுபோனவர் பாதியில் எடுத்துக்கொண்டாராம். கடைசி வரை அவளே பேசியிருக்கிறாள்.

"பயமா இருந்துச்சா?"

"அப்ப இல்ல. அவன் இறங்கினப்புறம்தான்." அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "அவனும் 'நான் எங்க இருக்கேன்னே தெரியல'ன்னுதான் சொன்னான்ப்பா. அப்படியே உங்க குரல்."

வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார்.

ஜூன் 12, வியாழன்

பேக்கரிக்காரர் முழுவதையும் பதிவு பண்ணி வைத்திருக்கிறாராம். அனுப்பட்டுமா என்றார்.

எவ்வளவு ஆசை! இந்த ஒன்றை வைத்துக்கொண்டு மருந்துக்கடையிலிருந்து பஸ் நிலையம் வரை போட்டுக் காட்டலாம். வேண்டாம் என்றேன். யாருக்கும் அனுப்ப வேண்டாம், அழித்துவிடுங்கள். "என்னக்கா, பொக்கிஷத்தைப் போயி..." என்று இழுத்தார். அந்தப் பையனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. அவன் அழுத குரல் ஊர் சுற்ற வேண்டாம். சொன்னதும் புரிந்துகொண்டார். நல்ல மனிதர்.

நான் பார்த்தது எனக்குப் போதும்.

ஜூன் 27, வெள்ளி

தேறிவிட்டாள்!

வாசலிலிருந்தே கத்தினாள். தூக்கிச் சுற்றினாள் என்னை, இந்த எடையை. இனி அந்த நாற்காலியில் தனியாக உட்காரலாம். பக்கத்தில் யாரும் வேண்டாம்.

அப்புறம் காதோரம் சொன்னாள்: "அடுத்த ஞாயிறு காலை ஷிஃப்ட்மா. வா. ரேடியோவும் எடுத்துட்டு வா."

ஜூலை 6, ஞாயிறு

போனோம், இரண்டு பேருமாக. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சொல்லாமலே கிளம்பிவிடுகிறார். தனக்கென்று ஒரு பழைய கேமராகூட வாங்கிவிட்டார்.

மேட்டில் நல்ல கூட்டம். காற்று பெயின்ட் தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்ததால் விமானங்கள் எதிர்முனையில் இறங்கின. படத்துக்கு ஆகாத நாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ரேடியோவைச் சின்னதாக வைத்துக் காதோரம் பிடித்துக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நிதானமாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைக் கொடுத்து. ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

வேலிக்குப் புதிதாக வந்த ஒருவர், பெரிய லென்ஸ்காரர், தானும் ஒரு ரேடியோ வைத்திருந்தார். யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "டவர்ல யாருங்க இது? புதுசா இருக்கே. என்ன தெளிவாப் பேசுறாங்க!"

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "ஆமாங்க, நல்லாத்தான் பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு கேமராவில் இல்லாத தூசியைத் துடைத்தேன். என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு செருமல். வீட்டுக்காரர் கேமராவைக் கீழே இறக்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த மனிதர் பக்கமாக நன்றாகத் திரும்பி நின்றார்.

"எங்க பொண்ணுங்க" என்றார்.